சுவடிப் பதிப்பு, வகுப்பறை அளவாய்வு, மூலிகைச் சோதனை: மூன்றுக்கும் ஒரே மதிப்பீட்டுப் படிவம் சரிவருமா?

இதழ்மேசை (தொடக்கப் பதிவு)

கல்லூரி ஒன்றின் பல்துறை ஆய்விதழுக்கு மதிப்பீட்டுப் படிவம் புதிதாக எழுத வேண்டும். வரும் கட்டுரைகள் பெரும்பாலும் மூன்று வகை. கல்வியியலில் வினாப்பட்டியல் கொடுத்துச் செய்யும் அளவாய்வு. தமிழில் அச்சேறாத சித்த மருத்துவச் சுவடிகளின் பதிப்பு. தாவரவியல், நுண்ணுயிரியல் பக்கம் மூலிகைச் சாற்றின் கிருமி எதிர்ப்புத் திறன்.

இப்போதுள்ள படிவத்தில் நான்கே கட்டங்கள்: நோக்கம், கருதுகோள், மாதிரி அளவு, முடிவு. சுவடி பதிப்பித்தவர் ‘கருதுகோள்’ கட்டத்தில் ஒப்புக்கு எதையோ எழுதி அனுப்புகிறார். மதிப்பிடுபவரும் ஒப்புக்கு மதிப்பெண் போடுகிறார். இரண்டு பேருக்கும் பயனில்லை.

ஒவ்வொரு துறையிலும் கட்டுரை கையில் வந்ததும் முதலில் எதைத் தேடிப் பார்ப்பீர்கள், எது இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவீர்கள் என்று துறை தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ‘தரமாக இருக்க வேண்டும்’ போன்ற பொதுவான சொற்கள் வேண்டாம்.

---

ஏடுபிரிப்பவர்

சுவடிப் பதிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் தேடுவது சுவடி விவரம். எந்த நூலகம் அல்லது யார் வீட்டுச் சுவடி, பட்டியல் எண், ஏடுகளின் எண்ணிக்கை, நீள அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, எந்தெந்த ஏடு இல்லை. இது அரைப் பக்கம்கூட வராது. இது இல்லாத பதிப்பை யாராலும் சரிபார்க்க முடியாது, படிக்காமலே திருப்பி அனுப்பலாம்.

அடுத்தது, வேறு பிரதி உண்டா என்று தேடினாரா? சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால், தமிழ்ப் பல்கலைக்கழகம், உ.வே.சா. நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகிய இடங்களின் பட்டியல்களையாவது பார்த்திருக்க வேண்டும். மருத்துவச் சுவடிகளில் ஒரே நூல் நாலு பெயரில் பட்டியலாகியிருக்கும். தலைப்பை வைத்துத் தேடினால் போதாது, முதல் பாட்டின் தொடக்கத்தை வைத்துத் தேட வேண்டும்.

மூன்றாவது, ஓலையில் உள்ளதை உள்ளபடி பெயர்த்தெழுதிய பிரதி தனியாக இருக்கிறதா? பலர் இந்தப் படியை விட்டுவிட்டு நேரே திருத்திய பாடத்தை அச்சிடுகிறார்கள். ஓலையில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு பெரும்பாலும் இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. அதனால் ‘காடு’, ‘கரடு’ இரண்டும் ஓலையில் ஒரே வடிவம். சொல்லுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஆக, அச்சில் நாம் காணும் ஒவ்வொரு சொல்லும் பதிப்பாசிரியர் எடுத்த ஒரு முடிவு. ஓலையில் இருந்த எழுத்து வரிசை தெரிந்தால்தான் அந்த முடிவோடு உடன்படவோ மாறுபடவோ முடியும். இணைப்பாக ஏட்டின் படத்தைத் தந்தால் இன்னும் நல்லது. மை தடவாத ஏடாக இருந்தால் பக்கவாட்டில் ஒளி விழும்படி படமெடுக்கச் சொல்லுங்கள், கீறலின் பள்ளம் நிழலாகத் தெரியும்.

நான்காவது, பாடபேதம், அதாவது ஒரே இடத்தில் சுவடிக்குச் சுவடி மாறும் சொல். ‘சில பிரதிகளில் இவ்வாறு காணப்படுகிறது’ என்று எழுதினால் அது பாடபேதக் குறிப்பே ஆகாது. ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு குறியெழுத்து கொடுத்து, எந்தப் பாடம் எந்தச் சுவடியில் என்று காட்ட வேண்டும். சிதைந்த இடத்தில் எத்தனை எழுத்துக்கு இடம் இருக்கிறதோ அத்தனை புள்ளி. பதிப்பாசிரியர் ஊகித்துச் சேர்த்தது சதுர அடைப்புக்குள்.

கருதுகோள் என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். பதிப்பில் கருதுகோள் ஒவ்வொரு திருத்தத்திலும் இருக்கிறது. நூறு திருத்தத்துக்கு நூறு.

---

அகார்தட்டு

நுண்ணுயிரியல் பக்கம். மூலிகைச் சாறு பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் சோதனைக் கூடத்துக்குள் நுழையும் முன்பே தவறு நடந்து முடிந்திருக்கும்.

செடி எது என்பதற்குச் சான்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தமிழ்ப் பெயர் மட்டும் போதாது. கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப் பூப் பூக்கும் எக்லிப்டாவும் உண்டு, மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவும் உண்டு. இரண்டும் வேறு பேரினம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடி என்றால் இன்னும் மோசம், பொடித்த பிறகு இலையை வைத்து அடையாளம் காண வழியில்லை. பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, சேகரித்த இடம், நாள், சேகரிப்பு எண் எழுதி, உலர்தாவரத் தொகுப்பு ஒன்றில் ஒப்படைத்து, அங்கே கொடுத்த எண்ணைக் கட்டுரையில் தர வேண்டும். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சியில் ராபினாட் தொகுப்பு இருக்கிறது. தூரம் ஒரு காரணமாகாது. எண் இல்லாவிட்டால் கட்டுரை வேண்டாம்.

சாறு எடுத்த முறை: நிழலில் உலர்த்திய பொடி எத்தனை கிராம், கரைப்பான் எது, எத்தனை மில்லி, எத்தனை மணி நேரம், கடைசியில் கிடைத்த பசை எத்தனை கிராம். 50 கிராம் பொடியில் 4 கிராம் பசை என்றால் விளைச்சல் 8 விழுக்காடு. இந்த எண் இல்லாமல் இன்னொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது.

வட்டு முறையில் (சாறு ஊறிய காகித வட்டைக் கிருமி தடவிய தட்டில் வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளப்பது) பார்க்க வேண்டியவை: முல்லர்–ஹின்டன் அகார் (கிருமி வளர்க்கும் கூழ்), கார அமிலத்தன்மை (pH) 7.2 முதல் 7.4, ஆழம் 4 மில்லிமீட்டர். சாதாரண 9 செ.மீ. தட்டுக்கு இது சுமார் 25 மில்லி. பணத்தை மிச்சம் பிடிக்க 15 மில்லி ஊற்றினால் அகார் மெலிந்து, மருந்து பக்கவாட்டில் அதிகம் பரவி, வளையம் பெரிதாகத் தெரியும். கிருமிக் கலவையின் கலங்கல் மெக்ஃபார்லண்ட் 0.5 அளவு (கிருமியின் அடர்த்தியைக் கலங்கலை வைத்து ஒப்பிடும் அளவுகோல்). அதைவிட நீர்த்திருந்தாலும் வளையம் பெரிதாகும். தடவிய 15 நிமிடத்துக்குள் வட்டு வைக்க வேண்டும். 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்.

கட்டுப்பாடு இரண்டு வேண்டும். அறியப்பட்ட மருந்து ஒன்று, சாறு இல்லாத வெறும் கரைப்பான் ஒன்று. சாற்றைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் தானே கிருமியைத் தடுக்கக் கூடியது. வெறும் கரைப்பானுக்கு எத்தனை மி.மீ. வந்தது என்று எழுதாத கட்டுரையில் சாற்றின் வளையத்துக்கு மதிப்பில்லை.

இன்னொன்று: 14 மி.மீ. வளையம் வந்த சாறு 10 மி.மீ. வந்த சாற்றைவிட வலிமையானது என்று எழுதியிருப்பார்கள். அப்படிச் சொல்ல முடியாது. வளையம் திறனை மட்டும் காட்டுவதில்லை, அகாருக்குள் பொருள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள பொருள் நீர்மயமான அகாரில் நகரவே நகராது. ஒப்பிட வேண்டுமானால் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது எம்ஐசி-யைக் கண்டுபிடிக்க வேண்டும். திரவ ஊடகத்தில் 1000, 500, 250, 125 மைக்ரோகிராம் என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவது. மில்லிக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்படும் சாற்றை ‘சிறந்த கிருமி எதிர்ப்பு மருந்து’ என்று எழுத விடக் கூடாது.

---

கரும்பலகை

கல்வியியல் கட்டுரைகளுக்கு:

‘400 மாணவர்கள்’ என்று போட்டிருந்தால் உடனே கேளுங்கள்: எத்தனை வகுப்புகளிலிருந்து? குறைந்தது 385 பேர் வேண்டும் என்பார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்றால், 1.96-ஐ வர்க்கப்படுத்தி, 0.5 × 0.5-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. அதனால்தான் எல்லோரும் 400 வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சூத்திரம் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே குலுக்கல் முறையில் எடுத்தால்தான் பொருந்தும். நடப்பது என்ன? 10 வகுப்புகளுக்குப் போய், ஒவ்வொன்றிலும் 40 பேருக்கு வினாத்தாள் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியர், ஒரே ஊர், ஒரே சூழல். அவர்களின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

அந்த ஒப்புமை (சுழியம் முதல் ஒன்று வரையான அளவில்) 0.2 என்று வைத்துக்கொண்டால், வகுப்பில் ஒருவரோடு மற்ற 39 பேரையும் சேர்த்து 1 + 39 × 0.2 = 8.8. 400-ஐ 8.8-ஆல் வகுத்தால் 45. ஆக, 400 பேர் எழுதிய தாள் 45 பேரிடம் தனித்தனியாகக் கேட்டதற்குச் சமம். அதே 400-ஐ 40 வகுப்புகளில் பத்துப் பத்துப் பேராக எடுத்திருந்தால் 1 + 9 × 0.2 = 2.8, அப்போது 143. அச்சுச் செலவு ஒன்றுதான், அலைச்சல் மட்டும் கூடும். ஆராய்ச்சி தொடங்கும் முன் இதைச் சொல்லிக்கொடுக்காததால்தான் எத்தனையோ பேரின் உழைப்பு வீணாகிறது. வருத்தமாக இருக்கிறது.

கிரான்பாக் ஆல்ஃபா (வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.82, ஆகவே கருவி, அதாவது வினாப்பட்டியல், நம்பகமானது என்ற வரி எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். வினாக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். வினாக்களுக்கிடையே சராசரித் தொடர்பு வெறும் 0.1 இருந்தாலும், 10 வினாவுக்கு ஆல்ஃபா 0.53, 20 வினாவுக்கு 0.69, 40 வினாவுக்கு 0.82. கேள்வியைக் கூட்டக் கூட்ட எண் ஏறும். அதனால் ஆல்ஃபாவோடு சராசரித் தொடர்பையும் கேட்டு வாங்குங்கள். எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டார்களா என்றும் பாருங்கள். திருப்ப மறந்தால் ஆல்ஃபா சரிந்துவிடும், சில சமயம் சுழியத்துக்குக் கீழேகூடப் போகும். அப்படி வந்ததும் ‘சரியில்லாத வினாக்களை நீக்கினோம்’ என்று நல்ல வினாக்களைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

ஆங்கிலக் கருவியைத் தமிழாக்கியிருந்தால், மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்ப மொழிபெயர்த்து ஒப்பிட்டதற்குச் சான்று வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘நான் கணக்கை வெறுப்பதில்லை என்பது உண்மையல்ல’ போன்ற வாக்கியத்தைக் கொடுத்தால், வருகிற விடை கணக்கைப் பற்றியதாக இருக்காது.

அடைவுத் தேர்வு தாங்களே தயாரித்தது என்றால், உருப்படிப் பகுப்பாய்வு அட்டவணை வேண்டும். அதிக மதிப்பெண் பெற்ற 27 விழுக்காட்டினர், குறைந்த 27 விழுக்காட்டினர், இரு சாராரிலும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்ற வேறுபாடு. 0.20-க்குக் கீழ் இருந்தால் அந்த வினா தேர்ந்தவரையும் தேராதவரையும் பிரிக்கவில்லை, எடுத்துவிட வேண்டும்.

---

அகார்தட்டு

கரும்பலகை சொன்ன அந்த 400–45 கணக்கு எங்கள் பக்கமும் அப்படியே பொருந்தும். ஒரே தட்டில் மூன்று வட்டு வைத்து, மூன்று அளவெடுத்து, ‘மூன்று முறை செய்தோம்’ என்று திட்டவிலக்கம் போடுகிறார்கள். அது ஒரே அகார், ஒரே கிருமிக் கலவை, ஒரே நாள். தட்டின் தடிமன் தவறென்றால் மூன்றும் சேர்ந்தே தவறு. வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த கிருமியோடு, புதிதாக ஊற்றிய தட்டில் செய்தால்தான் மூன்று. திட்டவிலக்கம் 0.2 மி.மீ. என்று அழகாக இருந்தால் எனக்கு முதலில் இந்த ஐயம்தான் வரும். உயிருள்ள கிருமியில் அவ்வளவு ஒற்றுமை இருக்காது.

ஏடுபிரிப்பவரிடம் ஒரு கேள்வி. ஓலையில் இருப்பது தவறு என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? எங்களுக்குக் கட்டுப்பாட்டுத் தட்டு இருக்கிறது. உங்களுக்கு?

---

ஏடுபிரிப்பவர்

நல்ல கேள்வி. எங்களுக்குக் கிடைத்த கட்டுப்பாடு யாப்பு. உரைநடை நூல் என்றால் அது கிடையாது. பாட்டு என்றால் உண்டு, மருத்துவச் சுவடிகளில் பெரும்பாலானவை பாட்டுத்தான்.

எல்லோருக்கும் தெரிந்த பாட்டையே எடுத்துக்கொள்வோம். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’. அகர – நிரையசையும் (அக) நேரசையும் (ர) சேர்ந்த புளிமா. வெண்பா விதிப்படி அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், முதல – நிரையில் தொடங்குகிறது. அதுவும் புளிமா, அடுத்து எழுத்தெல்லாம் – நிரையில் தொடங்கிப் புளிமாங்காயாக முடிகிறது. காய்ச்சீர் முன் நேர் வர வேண்டும், ஆதி – நேர். தளை, அதாவது சீருக்குச் சீர் இருக்க வேண்டிய இணைப்பு, எங்கும் தட்டவில்லை. இப்போது படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஒருவர் ‘எழுத்து எல்லாம்’ எனப் பிரித்துத் தனித்தனிச் சீராக எண்ணினால் என்னாகும்? எழுத்து – புளிமா, அதன் முன் எல்லாம் – நேர். தளை கெடுகிறது, நாற்சீரடி ஐஞ்சீராகிறது. நூல் பொருள் ஒன்றும் தெரியாதவர்கூட இந்த இடத்தில் பிழை என்று சொல்லிவிடலாம்.

விருத்தத்தில் எதுகை துணை. நான்கடியும் ஒரே எதுகையில் ஓட, நான்காம் அடி மட்டும் தப்பினால், அந்த அடியின் முதல் சொல் மேல் ஐயம் கொள்ளலாம். நான்காம் அடியே இல்லாமல் அடுத்த பாட்டு தொடங்கினால், எழுதியவரின் கண் ஒரே மாதிரி முடியும் இரண்டு வரிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கிறது என்று பொருள்.

யாப்பு பிழை இருக்கும் இடத்தைச் சொல்லும், சரியான சொல் எது என்று சொல்லாது. அதற்குப் பிற சுவடிகள் வேண்டும். இங்கேதான் நீங்கள் இருவரும் சொன்னது எங்களுக்கும் வருகிறது. ஐந்து சுவடியில் ஒரு பாடம், ஒன்றில் வேறு பாடம் என்றால் ஐந்துக்கே வெற்றி என்று வாக்கெடுப்பு நடத்துவது பெரும்பிழை. அந்த ஐந்தும் ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். அப்படியானால் சான்று ஒன்றுதான். எப்படிக் கண்டுபிடிப்பது? பிழைகளை ஒப்பிட வேண்டும். சரியான பாடம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பது இயல்பு, அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே அடி விட்டுப்போயிருந்தால், ஒரே அபத்தமான சொல் ஐந்திலும் இருந்தால், அவை ஒரு குடும்பம். பொதுப் பிழைகளின் பட்டியல் தராமல் ‘ஐந்து சுவடிகளை ஒப்பிட்டேன்’ என்பவரிடம் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

---

இதழ்மேசை

அப்படியானால் ‘மாதிரி அளவு’ என்ற கட்டத்தை ‘ஒன்றையொன்று சாராத சான்றுகள் எத்தனை? சாராதவை என்று எப்படி அறிந்தீர்கள்?’ என்று மாற்றினால் மூன்று துறைக்கும் பொருந்துமா? வகுப்புகளின் எண்ணிக்கை, சோதனை நாட்களின் எண்ணிக்கை, சுவடிக் குடும்பங்களின் எண்ணிக்கை.

---

கரும்பலகை

பொருந்தும். ஒரு எச்சரிக்கை மட்டும். ‘அ’ பிரிவுக்குப் புதிய முறை, ‘ஆ’ பிரிவுக்குப் பழைய முறை, ஒவ்வொன்றுக்கும் வேறு ஆசிரியர் என்ற வகைக் கட்டுரைக்கு அந்தக் கட்டத்தில் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்றுதான் வரும். முறையால் வந்த வேறுபாடா ஆசிரியரால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. அத்தகைய கட்டுரையை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை, வகுப்பறை விவரிப்பாக வெளியிடலாம். ‘புதிய முறை சிறந்தது என்று நிறுவப்பட்டது’ என்ற வரியை நீக்கச் சொல்லுங்கள்.

பின்தங்கிய மாணவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்து, பின்தேர்வில் மதிப்பெண் கூடியது என்பதும் அப்படித்தான். ஒரு தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களைத் திரட்டி மறுபடி தேர்வு வைத்தால், ஒன்றுமே கற்பிக்காவிட்டாலும் சராசரி ஏறும். முதல் நாள் காய்ச்சலோடு எழுதியவர், கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவர் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அதே அளவு பின்தங்கி, பயிற்சி பெறாத இன்னொரு குழு கட்டாயம் வேண்டும்.

---

காலவரிசை

இழையைப் படித்துக்கொண்டு வந்தேன். சுவடிக் கட்டுரைகளில் ‘இச்சுவடியின் வயதைக் கரிமக் கணிப்பின் மூலம் அறிய வேண்டும்’ என்ற பரிந்துரை கடைசிப் பத்தியில் அடிக்கடி வருகிறது. தொல்லியல் காலக்கணிப்பு தெரிந்தவர்கள் இதைத் திருத்த வேண்டும்.

கரிமம்-14 தரும் எண் நேரடி ஆண்டு அல்ல. 1950-ஐத் தொடக்கமாக வைத்துப் பின்னோக்கி எண்ணிய ‘கரிம ஆண்டு’. அதை அளவுதிருத்த வளைகோட்டில் வைத்து நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். அந்த வளைகோடு சுமார் 1650-க்குப் பிறகு மேலும் கீழுமாக நெளிகிறது. ஒரே கரிம எண்ணுக்கு 17ஆம் நூற்றாண்டு, 18ஆம் நூற்றாண்டு, 19ஆம் நூற்றாண்டு என்று பல விடைகள் வரும். நம்மிடம் இருக்கும் ஓலைச்சுவடிகளில் பெரும்பான்மை அந்த இடைவெளிக்குள் எழுதப்பட்டவை. ஏட்டை நறுக்கிக் கொடுத்து, காசும் செலவழித்து, கிடைப்பது ‘1650-க்கும் 1950-க்கும் இடையில்’ என்ற விடை. அதுவும் ஓலை வெட்டிய காலம்தான், எழுதிய காலம் அல்ல.

இதே சிக்கல் வேறோரிடத்தில் தொல்லியலையே தொடுகிறது. கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்று 2019-இல் அறிவிக்கப்பட்டது அந்தத் தட்டைப் பகுதிக்குள்தான் விழுகிறது. ஒற்றை எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரைகளிடம், மாதிரியின் ஆய்வக எண், கரிம ஆண்டு, பிழை வரம்பு, எந்த வளைகோட்டில் மாற்றியது, 95 விழுக்காட்டு வீச்சு எது என்று ஐந்தையும் கேட்க வேண்டும். மரக்கரியா தானியமா என்பதும் முக்கியம். முதிர்ந்த மரத்தின் உள்வயிரம் வெட்டிய நாளுக்கு நூறு ஆண்டு முந்தையதாக இருக்கலாம், தானியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

சுவடிக்குக் காலம் வேண்டுமென்றால், எழுதியவர் கடைசியில் நாள் குறித்து எழுதும் முடிவுக் குறிப்பைப் படியுங்கள். ‘பிலவ வருடம்’ என்று மட்டும் இருந்தால் 1781, 1841, 1901 என்று அறுபது அறுபதாகத் தள்ளிக்கொண்டே போகலாம். கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டுக்கணக்கு) சேர்ந்திருந்தால் பிடி கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக ‘கொல்லம் 1012, துன்முகி வருடம், தை மாதம்’ என்று இருப்பதாகக் கொள்வோம். கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்குகிறது. ஆவணி முதல் மார்கழியின் முதற்பாதி வரை 824 கூட்ட வேண்டும், சனவரி பிறந்த பிறகு 825. தை என்பதால் 1012 + 825 = 1837 சனவரி. துன்முகி 1836 சித்திரை முதல் 1837 பங்குனி வரை. இரண்டும் ஒத்துவருகின்றன, குறிப்பை நம்பலாம். ஒத்துவராவிட்டால் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறோம், அல்லது தாய்ச்சுவடியின் குறிப்பைப் படியெடுத்தவர் அப்படியே எழுதிவிட்டார். கிழமையும் நட்சத்திரமும் இருந்தால் நாளையே குறிக்கலாம்.

---

நூலகப்படி

ஒரு சிறு குறிப்பு. ஒப்புமை காட்டும் மென்பொருளில் போட்டு, 10 விழுக்காட்டுக்கு மேல் என்றால் திருப்பி அனுப்பும் பழக்கம் இதழ்களில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் முறையாக மேற்கோள் காட்டிய பகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்கின்றன. சுவடிப் பதிப்பிலும் இலக்கிய ஆய்விலும் பாடல்கள் முழுதாக வரும். அவற்றைக் கழித்துவிட்டு எண்ணைப் பாருங்கள். சூத்திரங்களுக்கும் செய்முறைப் பகுதிக்கும் இது ஓரளவு பொருந்தும். மெக்ஃபார்லண்ட் 0.5-ஐ எத்தனை விதமாக எழுத முடியும்?

அனுமதி ஆவணங்களும் துறைக்குத் துறை வேறு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் இசைவும் பிள்ளையின் சம்மதமும். தனியார் வீட்டுச் சுவடி என்றால் உரிமையாளரின் எழுத்து மூலமான ஒப்புதல், படத்தை வெளியிடவும் சேர்த்து. மூலிகை ஆய்வில் வெளிநாட்டவர் பங்கு பெற்றால் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி.

---

இதழ்மேசை

எம்ஐசி பற்றி ஒரு ஐயம், அகார்தட்டு. இலைச்சாறு கரும்பச்சையாக இருக்கும்போது குழாயில் கலங்கல் தெரியுமா? ஒரு கட்டுரையில் ‘வெறுங்கண்ணால் பார்த்தோம்’ என்று இருக்கிறது.

---

அகார்தட்டு

தெரியாது. அதனால்தான் ரெசசூரின் என்ற நீலச் சாயத்தைச் சேர்க்கிறார்கள். உயிருள்ள கிருமி இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் நிறைந்த சாறு, கிருமியே இல்லாமல் சாயத்தைச் சிவப்பாக்கிவிடும். அதனால் கிருமி சேர்க்காமல் சாறும் சாயமும் மட்டும் உள்ள குழி வரிசை ஒன்று தட்டில் இருக்க வேண்டும். அது நீலமாக இருந்தால்தான் மற்ற வரிசைகளை நம்பலாம். சிவந்துவிட்டால் சாயத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு குழியிலிருந்தும் சிறிது எடுத்து அகாரில் தடவி, மறுநாள் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அது குறைந்தபட்சக் கொல்லும் செறிவைத் தரும், எம்ஐசி-யைத் தராது. அட்டவணைத் தலைப்பில் அப்படியே குறிப்பிட வேண்டும்.

இங்கே ஏடுபிரிப்பவரிடம் மீண்டும் வருகிறேன். எங்கள் பக்கக் கட்டுரைகளில் ‘சுவடியில் சொன்ன அளவின்படி’ மருந்து தயாரித்தோம் என்று வருகிறது. அச்சுப் பதிப்பிலிருந்து எடுத்த அளவை எந்த அளவுக்கு நம்பலாம்?

---

ஏடுபிரிப்பவர்

பதிப்பாசிரியர் எண்ணைத் தமிழ்க்குறியில் அப்படியே காட்டியிருந்தால் நம்பலாம். அரபு எண்ணாக மாற்றி மட்டும் அச்சிட்டிருந்தால் ஓலைப் படத்தைக் கேளுங்கள். காரணம், ௧ என்ற ஒன்றும் க என்ற எழுத்தும் ஓலையில் ஒன்றே. ௨ – உ, ௭ – எ, ௮ – அ, ௰ – ய, இவையும் அப்படியே. கால் என்ற பின்னக்குறி வகரம் போல இருக்கும். முந்தைய சொல்லின் கடைசி எழுத்தாக ஒரு குறியைப் படித்துவிட்டால் அளவே காணாமல் போகும். எழுத்தை எண்ணாகப் படித்தால் இல்லாத அளவு வந்து சேரும். சரக்குப் பெயருக்குப் பின் அளவு வரும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது. பாட்டாக இருந்தால் அங்கும் சீரை எண்ணிப் பார்க்கலாம்: ‘காற்பலம்’ என்று வாசித்தால் சீர் நிரம்புகிறதா, இல்லையா?

நிறைக்கு: மருந்துச் செய்முறைத் தொகுப்புகளில் பலம் 35 கிராம் என்று கொள்வது வழக்கம். ஆனால் பழைய புழக்கத்தில் பலம் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. ஆகவே பதிப்பில் ‘௩ பலம்’ என்று மூலத்தை அப்படியே வைத்து, அடிக்குறிப்பில் ‘பலம் 35 கிராம் என்று கொண்டால் 105 கிராம்’ என எழுத வேண்டும். சோதனைக் கட்டுரையிலும் ‘சுவடிப்படி 105 கிராம்’ என்று எழுதாமல், சுவடியின் ஏட்டு எண், பாட்டு எண், மூலக் குறி, எந்தக் கணக்கில் மாற்றியது என்று நான்கையும் தரச் சொல்லுங்கள். எல்லாச் சரக்கும் பலக் கணக்கில் இருந்தால் பலம் 35 ஆனாலும் 40 ஆனாலும் விகிதம் மாறாது, சோதனைக்குச் சேதமில்லை. ஒரு சரக்கு பலத்திலும் மற்றொன்று கழஞ்சு என்ற வேறு நிறையிலும், நெய் படியிலும் இருந்தால்தான் விகிதமே மாறிப்போகும். அந்த மாதிரிக் கட்டுரையை எங்களிடமும் ஒரு முறை காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.